சீனுவாசன் பேரில் ஒரு குப்பி

எண்பது கிலோ மல்லாட்டை மூட்டையை முழங்காலால் ஓர் எத்து எத்தித் தராசில் ஏற்றிவிடுகிற ஆள் சீனுவாசன். திண்டிவனம் கமிட்டியில் இருபத்தெட்டு வருஷமாக வேர்க்கடலை எடை போடுகிறார். போர்டில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்று எழுதியிருக்கும். அதை முழுசாகச் சொன்ன விவசாயி இதுவரை கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு சுண்டுவிரல் நீளப் பிளாஸ்டிக் குப்பிக்குப் பயந்து பத்தொன்பது நாள் வீட்டுக்குள்ளேயே ஒளிந்து திரிந்தார். வெளியில் சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் மனைவி தையல்நாயகி சொல்லவும் இல்லை. சொல்லிக்கொள்கிற சமாச்சாரமா அது?

குப்பியைக் கொண்டுவந்தவள் இளவரசி. அதே தெருவில் வாழ்க்கைப்பட்ட பெண். ஆரம்ப சுகாதார நிலையத்துக்காக வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலை அவளுக்கு. இந்த வருஷம் புதிதாக ஒரு லிஸ்ட்டைக் கையில் கொடுத்திருந்தார்கள். குடல் புற்றுநோயில் யாராவது செத்த வீடாக இருந்தால், செத்தவருக்கு ரத்த சொந்தமாக இருந்து நாற்பத்தைந்து வயசும் தாண்டியவர்களிடம் மலம் வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சீனுவாசனின் அண்ணன் பூமாலை போன கார்த்திகையில்தான் அந்த நோயில் போய்ச் சேர்ந்தார். அதனால் லிஸ்ட்டில் முதல் பேரே சீனுவாசன்.

பூமாலைக்கு ஒன்றரை வருஷமாக ரத்தம் போயிருக்கிறது. பெண்டாட்டியிடம்கூட வாயைத் திறக்கவில்லை. வயிறு வீங்கிச் சாப்பாடு இறங்காமல் போன பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்குள் ஈரல்வரை போய்விட்டது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. கருமாதி முடிந்ததிலிருந்து சீனுவாசன் ஒரே பாட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தார். “வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்கண்ணன் பொழச்சிருப்பான்.” டீக்கடையில் சொன்னார், கமிட்டியில் சொன்னார், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடமும் சொன்னார். ஊருக்கு உபதேசம் பண்ணுவதற்கு என்ன, வாயிருந்தால் போதும்.

தனக்கென்று வந்தபோது கதை வேறாகிவிட்டது. முதல் நாள் வயிறு சரியில்லை என்றார். அப்புறம் அமாவாசை, அப்புறம் லோடு. ஒரு நாள் இளவரசியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் பின்பக்கமாகப் போய் வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். “பீய போயி டப்பால புடிச்சுக் குடுக்கறதா? நாளைக்கு எவன் மூஞ்சில முழிக்கறது?” என்று தையல்நாயகியிடம் எரிந்து விழுந்தார். குப்பிகளோ அலமாரியில் காலண்டருக்குப் பின்னால் கிடந்தன. இரண்டு குப்பி. ஒன்று கொட்டிவிட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று இளவரசிதான் கொடுத்திருந்தாள். இரண்டின் மேலும் சீனுவாசன், ஆண், வயது 56 என்று சீட்டு ஒட்டியிருந்தது. மூடியோடு ஒரு சின்னக் குச்சி. அதை நாலைந்து இடத்தில் குத்திவிட்டு, திரும்பக் குப்பிக்குள் செருகி இறுக்கி மூட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கடைசியில் இளவரசியும் பொறுமை இழந்துவிட்டாள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு வருவேன், அப்போதும் இல்லையென்றால் நேராகக் கமிட்டிக்கே வந்து வியாபாரிகள் முன்னால் குப்பி எங்கே என்று கேட்பேன் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அது பலித்தது. இருபதாம் நாள் காலையில் சீனுவாசன் யார் முகத்தையும் பார்க்காமல் தோட்டத்துக் கக்கூசுக்குப் போனார், வந்தார். குப்பியைத் தினசரித் தாளில் சுருட்டிச் சுற்றுச்சுவர் மேல் வைத்தார். வீட்டுக்குள் கொண்டுவருகிற பொருளா அது? அந்தப் பெண் வந்தால் எடுத்துக்கொண்டு போகச் சொல் என்று முனகிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கமிட்டிக்குப் போய்விட்டார்.

அங்கேதான் சனி பிடித்தது. தையல்நாயகி துவைத்த போர்வையைப் பிழிந்து கொடியில் வீசிப் போட்டாள். கொடியின் ஒரு முனை அதே சுவரில் அடித்த ஆணியில்தான் கட்டியிருந்தது. போர்வை நுனி பொட்டலத்தை அள்ளிக்கொண்டு போய்ச் சாக்கடையில் போட்டது. ஓடிப் போய்ப் பார்த்தாள். அந்த மனுஷன் மூடியைச் சரியாகத் திருகியிருந்தால் அல்லவா? குப்பி ஒரு பக்கம், குச்சி ஒரு பக்கம், மேலே சோப்பு நுரை.

மணி எட்டேகால். ஒன்பது மணிக்கு இளவரசி ஐஸ் பெட்டியோடு வந்துவிடுவாள். தையல்நாயகிக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னொரு பத்தொன்பது நாளா? இந்தத் தடவை அவர் செத்தாலும் கொடுக்க மாட்டார். உன் கை விளங்குமா என்று நாலு நாள் திட்டு வேறு. அலமாரியில் இன்னொரு குப்பி இருக்கிறது. ஒரே பானைச் சோறு, ஒரே சட்டிக் குழம்பு, முப்பது வருஷமாக இரண்டு பேரும் தின்பது ஒன்றுதான். அவர் வயிற்றில் இருப்பது வேறு, நம் வயிற்றில் இருப்பது வேறா? அவர்கள் புற்றுக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கப் போகிறார்கள். நமக்குத்தான் புற்றும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இல்லை என்று எழுதி வரும், அந்தப் பெண்ணுக்கும் லிஸ்ட் முடியும், வீட்டிலும் நிம்மதி. இப்படியெல்லாம் அவளுக்கு அவளே நியாயம் சொல்லிக்கொண்டாள். பிறகு இரண்டாவது குப்பியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

ஒன்பது மணிக்கு இளவரசி வந்தாள். மாமா கொடுத்துவிட்டாரா என்று வாயெல்லாம் பல்லாக வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போனாள்.

பதினோரு நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவள் வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. சீனுவாசன் அப்போதுதான் கமிட்டியிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். இளவரசி எதிரே நாற்காலியில் உட்காராமல் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“மாமா, பயப்படாதீங்க. ரத்தம் இருக்குன்னு வந்திருக்கு. ரத்தம்னா புத்துன்னு அர்த்தம் இல்ல. மூலமாக்கூட இருக்கலாம். ஆனா உங்க அண்ணன் அப்பிடிப் போனதால விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரில கேமரா விட்டுப் பாத்துடலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.”

சீனுவாசனின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எனக்கு ரத்தமே போகவில்லையே என்றார். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தத்தைக்கூட அந்த மெஷின் காட்டிவிடும், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்கத்தானே இந்தப் பரிசோதனை என்றாள் இளவரசி.

கரண்டியோடு நின்றுகொண்டிருந்த தையல்நாயகிக்கு அப்போதுதான் விளங்கிற்று. கிருமியைப் பார்க்கவில்லை, ரத்தத்தைப் பார்த்திருக்கிறார்கள். அவளுடையது கண்ணுக்குத் தெரியாத ரத்தமா என்ன! போன ஆடிக்கு முந்தின ஆடியிலிருந்து போகிறது. ஒரு வாரம் போகும், பத்து நாள் நிற்கும், மறுபடி போகும். உஷ்ணம் என்று நினைத்திருந்தாள். வெந்தயம் ஊறவைத்துத் தின்றாள், கற்றாழைச் சோறு தின்றாள், ஒரே ஒரு தடவை வெட்கத்தை விட்டு வாய் திறந்து சொன்னபோது மோர் குடிக்கச் சொன்னார்கள், அதையும் சொம்பு சொம்பாகக் குடித்தாள். இந்த வருஷம் புடவை இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது. பின்னூசி குத்திக்கொள்கிறாள். எல்லாம் வயசு என்று நினைத்திருந்தாள். இப்போது அத்தனையும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்து நின்றது.

அது என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

மறுநாளிலிருந்து வீடே தலைகீழாயிற்று. மகன் தமிழ்மணி ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை. செய்தி கேட்டதும் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தான். முகையூரிலிருந்து நாத்தனார் அஞ்சம்மாள், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஒப்பாரியோடு இறங்கினாள். ஒரு அண்ணனைக் கொடுத்துவிட்டு இன்னும் வருஷம்கூடத் திரும்பவில்லையே என்று தம்பியின் தலையைத் தடவித் தடவி அழுதாள். மயிலம் முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள், தன் தலையை அல்ல, தம்பி தலையை. கமிட்டி ஆட்கள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். விழுப்புரத்தில் தேதி குறித்தாயிற்று. தமிழ்மணி நண்பனின் காருக்குச் சொல்லிவிட்டான். அப்பாவைப் பஸ்ஸில் அழைத்துப் போகக் கூடாதாம்.

சீனுவாசன் சத்தமே இல்லாமல் ஆகிவிட்டார். அதுதான் தையல்நாயகிக்குத் தாங்கவில்லை. கத்துகிற மனுஷன் கத்தினால் வீடு வீடாக இருக்கும். ஒரு மத்தியானம் அவர் பீரோவைத் திறந்து, நிலத்துப் பத்திரம் இங்கே இருக்கிறது, பாஸ்புக் இங்கே இருக்கிறது என்று அவளுக்குக் காட்டினார். முப்பது வருஷத்தில் அந்தப் பீரோவின் சாவி எங்கே தொங்குகிறது என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. இன்னொரு நாள், நீயும் உட்கார்ந்து சாப்பிடு என்றார். அவள் தட்டில் அவரே ஒரு கரண்டி சோறு வைத்தார். அவளுக்குப் பசியே செத்து மாசக் கணக்காகிறது என்பது அவருக்குத் தெரியாது.

அவள் சாவை அவர் சுமந்துகொண்டிருக்கிறார். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? அந்த நிமிஷமே காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கமிட்டிக்குப் போய்விடுவார். அண்ணனைக் கொண்டுபோன நோய் தம்பியைத் தொடாது என்று யார் எழுதிக் கொடுத்தது? அவர் ஒரு தடவை கேமராவுக்குப் போய் வந்துவிடட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். இது நல்ல காரணம்தான். ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்று பதுங்கியிருந்தது. அவர் பேரில் இருக்கிறவரை அது அவர் நோய். வாயைத் திறந்தால் அவளுடையதாகிவிடும். அவளுக்கு உயிர்ப் பயம். எந்தக் காரணத்துக்காகச் சும்மா இருக்கிறோம் என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

தெருக் குழாயடியில் இளவரசியை ஒரு நாள் தனியாகப் பிடித்தாள். இந்த நோய் பொம்பளைகளுக்கும் வருமா என்று சுற்றி வளைத்துக் கேட்டாள். ஆண், பெண் எல்லாம் அது பார்க்காது அத்தை என்றாள் இளவரசி. அப்படியானால் எனக்கும் ஒரு குப்பி கொடேன் என்று தையல்நாயகி சிரிக்கிற மாதிரி கேட்டாள். இளவரசி குடத்தை இடுப்பில் வைத்தபடி யோசித்தாள்.

“லிஸ்ட்டுல ரத்த சொந்தம் ஒண்டிதான் அத்தை. நீங்க வாழ வந்தவங்க, உங்க பேரு வராது. ஆனா ஒண்ணு, யாருக்காச்சும் ரத்தம் போறது கண்ணுலயே தெரியுதுன்னா குப்பியே தேவையில்ல. நேரா டாக்டருகிட்டப் போயிடணும். ஏன் அத்தை, உங்களுக்கு எதனா...?”

சும்மாதான் கேட்டேன் என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பாதி வழியில்தான் குடம் நிறையவே இல்லை என்று தெரிந்தது.

பரிசோதனைக்கு முந்தின நாள் குடலைச் சுத்தம் பண்ண ஒரு பவுடர் கொடுத்திருந்தார்கள். இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கி, கால்மணிக்கு ஒரு டம்ளராகக் குடிக்க வேண்டும். உப்பும் புளிப்புமாக வாயில் வைக்க முடியாத ருசி. சீனுவாசன் குழந்தை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தையல்நாயகி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு டம்ளராக ஊட்டாத குறையாகக் குடிக்க வைத்தாள். ஏழாவது டம்ளரில் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“எங்கண்ணன் மாதிரி நான் மூடி வைக்கல பாத்தியா. குடுத்துட்டேன் இல்ல? அது ஒண்டிதான் எனக்கு ஆறுதல்.”

அவள் எட்டாவது டம்ளரை நீட்டினாள். வேறென்ன செய்வாள்?

காலையில் கார் கிளம்பியது. மயிலம் வளைவு வந்ததும் தமிழ்மணி வண்டியை மெதுவாக ஓட்டினான். அஞ்சம்மாள் கோபுரம் தெரியாத திசையைப் பார்த்துக்கூடக் கும்பிட்டுத் தம்பி பேரைச் சொல்லிச் சொல்லி வேண்டினாள். தையல்நாயகியும் கையைக் கூப்பினாள். யாருக்காக வேண்டுவது என்று தெரியவில்லை. அவருக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டினால், எனக்கு இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. முருகா என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பத்து மணிக்கு அவரை உள்ளே கூப்பிட்டார்கள். முக்கால் மணி நேரம். தையல்நாயகி பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு பெண் டாக்டர் வெளியே வந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும், மலர்விழி என்று கோட்டில் பேர் இருந்தது. புற்று எதுவும் இல்லை என்றார். அஞ்சம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து முருகா முருகா என்று அழுதாள்.

டாக்டர் பேசி முடிக்கவில்லை. குடலில் மரு மாதிரி ஒரு சின்ன வளர்ச்சி இருந்ததாகவும் அதைப் பார்த்தபோதே வெட்டி எடுத்துவிட்டதாகவும் சொன்னார். விட்டிருந்தால் பத்து வருஷத்தில் அதுவே புற்றாகியிருக்கலாம், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். “ஆனா அது ரத்தம் கசியற அளவுக்குப் பெருசு இல்ல. இந்த ரத்தம் எங்கேருந்து வந்துச்சுன்னுதான் எனக்குப் புரியல. புண்ணு ஆறட்டும், ஒரு மாசம் கழிச்சு மறுபடி ஒரு குப்பி குடுங்க. அதுலயும் ரத்தம் இருந்தா மேல் வயித்தையும் பாத்துடுவோம்.”

மத்தியானம் மயக்கம் தெளிந்த சீனுவாசனை வெளியே கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தமிழ்மணி அத்தையை அழைத்துக்கொண்டு இட்லி வாங்கப் போனான். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் ரத்த ஓட்டம் இருந்தது. கொஞ்ச நேரம் சிரித்தார். அப்புறம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டார். ரத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். மேல் வயிற்றில் இருக்குமோ, டாக்டர் எதையோ மறைக்கிறாரோ, திரும்ப இந்த உப்புத் தண்ணி குடிக்க வேண்டுமோ? மெல்ல மெல்ல அந்தப் பழைய பயம் அவர் முகத்தில் ஏறுவதைத் தையல்நாயகி பக்கத்திலிருந்து பார்த்தாள். இன்னொரு மாசம் இவரை இப்படி விடுவதா? அவர்தான் கேமராவுக்குப் போய் வந்தாயிற்றே. அவளிடம் இருந்த நல்ல காரணம் காலையோடு தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது அந்த இன்னொன்று மட்டும்தான்.

“அது உங்க ரத்தம் இல்லீங்க,” என்றாள். “என்னுது.”

அவருக்குப் புரியவில்லை. போர்வை, சாக்கடை, இரண்டாவது குப்பி எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்தபோது அவர் அவளை அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தாள். அவர் அடிக்கவில்லை.

“இத்தினி நாளா நான் செத்துக்கினு இருந்தேன். நீ பக்கத்துல உக்காந்து பாத்துக்கினு இருந்தே.”

“ஆமா.”

“ரத்தம் போவுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எங்கண்ணன் மாதிரியே நீயும் மூடி வெச்சுக்கினு...”

“சொன்னேன்.”

“எப்போ?”

“போன ஆடிக்கு முந்தின ஆடில. கமிட்டில லோடு வந்திருக்குன்னு செருப்பு மாட்டிக்கினு இருந்தீங்க. ரத்தமாப் போவுதுங்கன்னு சொன்னேன். உஷ்ணம், மோர் குடின்னுட்டு வண்டிய எடுத்துக்கினு போயிட்டீங்க.” அவள் குரல் நடுங்கவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. “குப்பில உங்க பேரு இருந்துச்சு, கார் வந்துச்சு. எம் பேரா இருந்திருந்தா இன்னொரு சொம்பு மோர்தான் வந்திருக்கும்.”

அந்த ஆடியை அவர் எங்கெங்கோ தேடுவது கண்ணில் தெரிந்தது. கிடைக்கவில்லை போலிருக்கிறது. அவருக்கு அது ஞாபகம் வைத்துக்கொள்கிற சமாச்சாரமாக இருந்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மயக்க மருந்தின் தள்ளாட்டம் இன்னும் இருந்தது. அப்படியே நடந்து திருப்பத்தில் மறைந்து போய்விட்டார்.

போய்விட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் திண்டிவனம் பஸ் ஏறிவிடுவார் என்று தையல்நாயகி நினைத்தாள். போகட்டும். அவரைக் குறை சொல்ல அவளுக்கு என்ன வாய் இருக்கிறது? எழுந்து பின்னால் ஓடத் தோன்றவில்லை. பெஞ்சில் ஒரு கைக்குழந்தைக்காரி இடம் கேட்டாள், நகர்ந்து கொடுத்தாள். அரை மணி நேரம் போயிருக்கும்.

சீனுவாசன் திரும்பி வந்தார். கையில் ஒரு ஓ.பி. சீட்டு. அத்தனை நேரம் வரிசையில் நின்றிருக்கிறார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சீட்டை அவளிடம் நீட்டினார். தையல்நாயகி, பெண் என்று எழுதியிருந்தது. வயது என்ற இடம் காலியாக இருந்தது.

“வயசு இன்னான்னு கேட்டாங்க,” என்றார். அவளைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்தே சொன்னார். “எனக்குத் தெரியல.”

“அம்பத்திரெண்டு.”

அவர் தலையை ஆட்டினார். பக்கத்திலிருந்தவரிடம் பேனா வாங்கி முழங்கால் மேல் வைத்து எழுதினார். ஆதார் கேட்கிறார்கள் என்றார். அவள் பையைத் திறந்து பார்த்தாள். அவருடைய ஆதார் இருந்தது, அதற்கு நாலு ஜெராக்ஸ், அவர் ரிப்போர்ட், அவர் லுங்கி, அவர் துண்டு, அவருக்காக ஃபிளாஸ்கில் வெந்நீர். அவளுடையது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட அந்தப் பையில் இல்லை. அவர் குனிந்து தானும் ஒரு தடவை துழாவிப் பார்த்தார். பிறகு சீட்டை வாங்கிக்கொண்டு கவுன்டருக்குப் போனார். அங்கே என்ன கெஞ்சினாரோ தெரியாது, அடுத்த தடவை ஆதார் கொண்டுவாருங்கள் என்று சொல்லி முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அதே டாக்டர் மலர்விழிதான் பார்த்தார். தையல்நாயகி சொன்னதைக் கேட்டுவிட்டு முதலில் கொஞ்சம் கோபப்பட்டார், பிறகு கோபத்தை விழுங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் படுக்கச் சொன்னார். கையுறை போட்டு விரலால் சோதித்தபோது ஓர் இடத்தில் விரல் நின்றது. திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்தது. தையல்நாயகி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விட்டத்தில் ஃபேன் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். டாக்டர் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து அவளுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கட்டி ஒன்று விரலிலேயே தட்டுப்படுகிறது என்றார் டாக்டர். சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. தொட்டுப் பார்த்தவரை இடத்தைவிட்டு அசைகிறது, அது நல்லது. பரவாமல் இருந்தால் ஆபரேஷனில் எடுத்துவிடலாம். பரவாமல் இருந்தால் என்பதை அவர் இரண்டு தடவை சொன்னார். தையல்நாயகி இரண்டு தடவையும் தலையை ஆட்டினாள்.

“ரெண்டு வருஷம் ஆகப் போவுதேம்மா. இத்தனை நாள் வீட்டுல யார்கிட்டயும் சொல்லவே இல்லியா?”

கதவுக்கு அந்தப் பக்கம் சீனுவாசன் நின்றுகொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். உள்ளேயும் வராமல், வெளியேயும் போகாமல், மூட்டையே இல்லாத தராசு மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

“இல்ல டாக்டர்,” என்றாள் தையல்நாயகி. “வெக்கப்பட்டுக்கினு யாருகிட்டயும் சொல்லல.”

டாக்டர் அதை எழுதக் குனிந்தார்.

“அப்பிடி எழுதாதீங்க டாக்டர்,” என்றார் சீனுவாசன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டிருந்தார். “அவ எங்கிட்ட சொன்னா. நான்தான் மோர் குடின்னேன்.”